பாங்காக் டைலரும் மஞ்சள் தண்ணியும்

பிள்ளைகளா, நீங்கள் இரண்டு பேரும் என்னைக் கேலி செய்வதை நான் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. போனை ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு, கவரை மடித்து, ரப்பர் பேண்டு போட்டு, அப்புறம்தான் சட்டைப் பையில் வைப்பேன். வானத்தில் ஒரு துண்டு மேகம் இருக்காது. ரேஷன் கார்டு ஒரு கவரில், கரண்ட் பில் ஒரு கவரில், கம்பெனி கார்டு இரண்டு கவரில். "அப்பாவையே ஒரு கவர்ல போட்டு வெச்சிடலாம்மா" என்று சின்னவள் சொன்னபோது உங்கள் அம்மாவுக்குப் புரையேறிவிட்டது. எனக்கும் சிரிப்புதான் வந்தது.

ஆனால் இது என் பழக்கம் இல்லை. இன்னொருவரிடமிருந்து ஒட்டிக்கொண்டது. அவரைப் பற்றி உங்களிடம் சொன்னதே இல்லை. சொன்னால் நான் செய்த ஒரு தப்பையும் சேர்த்துச் சொல்லவேண்டி வரும். அதனால் தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தேன். இப்போது எழுதியே கொடுத்துவிடுகிறேன். வாயால் சொன்னால் பாதியை விழுங்கிவிடுவேன்.

இந்தத் தொம்மலூர் வீட்டுக்கு வருவதற்கு முன்னால், எனக்குக் கல்யாணம் ஆவதற்கும் முன்னால், நானும் என் அம்மாவும் ஸ்ரீராம்புரத்தில் ஒரு சந்தில் குடியிருந்தோம். இருபத்திரண்டு வீடு, எல்லோரும் தமிழ்க்காரர்கள். சந்தின் கடைசி வீட்டு முன்னறையில் அவர் தையல் மிஷின் போட்டிருந்தார். பெயர் இருந்தது, யாரும் அதைச் சொல்லிக் கூப்பிட்டதில்லை. பெரியவர்களுக்கு அவர் பாங்காக் டைலர். எனக்கு அண்ணா.

வேலூர்ப் பக்கத்து ஆள். பதினோரு வருடம் பாங்காக் பட்டணத்தில், ஒரு பஞ்சாபிக்காரர் கடையில் கோட்டு சூட்டு தைத்தவர். சுற்றுலா வந்த வெள்ளைக்காரன் இன்று காலையில் அளவு கொடுத்தால் நாளைக் காலையில் கோட்டு அவன் ஓட்டல் அறையில் தொங்கவேண்டும், அப்படிப்பட்ட கடை. அந்தக் கடையை மூடியதும் இங்கே வந்தார். சந்தில் அவருக்கு ஒரு சொந்தமும் கிடையாது. கல்யாணமும் ஆகவில்லை. ஏன் என்று யாராவது கேட்டால், "அளவு எடுத்தாங்க, துணி பத்தல" என்று சொல்லிவிட்டு மிஷினை மிதிக்க ஆரம்பித்துவிடுவார்.

டேப் வைத்து அளந்து நான் பார்த்தது குறைவு. தெருவில் போகிறவரைப் பார்த்து, "மார்பு நாப்பது, வயிறு நாப்பத்தி நாலு, மனசுக்குள்ள முப்பத்தாறு" என்பார். அவரிடம் சட்டை தைக்கக் கொடுத்தால், வந்து வாங்கும்போது அது செய்தித்தாளில் சுற்றி, அதன் மேல் பிளாஸ்டிக் கவர் போட்டு, வாயை மடித்துக் குண்டூசி குத்தியிருக்கும். எதிர் வீட்டுக்காரருக்கும் அப்படித்தான். நாலு எட்டு வைத்தால் எதிர் வீடு.

அவருடைய தீப்பெட்டி கவரில் இருந்தது. ரொட்டி கவரில் இருந்தது. சட்டைப் பையில் எப்போதும் ஒரு கவர் துருத்திக்கொண்டிருக்கும், அதற்குள் பாஸ்போர்ட். காலாவதியான பாஸ்போர்ட். அதை எதற்கு நனையாமல் காப்பாற்றினார் என்று அப்போது எனக்கு விளங்கவில்லை. மழைக்காலத்தில் ரெயின்கோட்டும் போட்டுக் குடையும் பிடித்துக்கொண்டு தெருமுனை டீக்கடைக்கு வருவார்.

"குளிக்கும்போதாவது நனைவீங்களா அண்ணா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"அது நானே கேட்டு ஊத்திக்கிற தண்ணி தம்பி. கேக்காம வர்ற தண்ணிதான் எனக்கு ஆகாது."

அவர் அறையில் திறந்தபடி இருந்த தண்ணீர் ஒன்றே ஒன்று. இஸ்திரி போடும் மேஜை மேல், ஓரத்தில் பூவேலை செய்த ஒரு வெள்ளைக் கிண்ணம். வெள்ளி இல்லை, அலுமினியம்தான். பாங்காக்கில் இருந்து கொண்டுவந்தது. அதில் விரலை நனைத்துத் துணி மேல் சுண்டிவிட்டுத் தேய்ப்பார்.

சித்திரை நெருங்கினால் மட்டும் அவர் வேறு ஆளாகிவிடுவார். நமக்குச் சித்திரை ஒன்று எப்போதோ அப்போதுதான் அந்த ஊருக்கும் வருடப்பிறப்பாம். மூன்று நாள் ஊரே தண்ணீரை வாரி ஒருவர் மேல் ஒருவர் ஊற்றுமாம். வேன் பின்னால் டிரம் வைத்துக்கொண்டு, ஐஸ் கட்டியைப் போட்டு, வருகிறவன் போகிறவன் எல்லோர் மேலும். பஸ் ஜன்னலுக்குள், ஸ்கூட்டரில் போகிறவன் முகத்தில், போலீஸ்காரன் தொப்பி மேல்கூட.

"காட்டுமிராண்டித்தனம் தம்பி. மனுஷன் வேலைக்குப் போக வேணாமா? மூணு சூட்டு. கையில தூக்கிட்டு ஓட்டலுக்குப் போறேன். பின்னாலேருந்து ஒருத்தன் டிரம்மையே கவுத்துட்டான். மூணும் போச்சு. முதலாளி திரும்பத் தைக்கச் சொன்னாரு. ரெண்டு நாள் கண்ணு மூடல." இதைச் சொல்லும்போது கத்திரியைக் கீழே வைத்துவிடுவார். அதே மூச்சில், "ஆனா பாரு, அந்த மூணு நாள்ல அந்த ஊர்ல யாரும் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு நான் பாத்ததில்ல" என்பார். அப்புறம் உடனே, "வயசானவங்க வழுக்கி விழுந்து கையை உடைச்சுப்பாங்க, அது வேற" என்பார். திட்டுகிறாரா மெச்சுகிறாரா என்று கேட்கிறவனுக்குக் குழப்பமாக இருக்கும்.

அங்கே அவர் கடைக்கு மேல்மாடியில் வயதான ஒரு வெள்ளைக்காரர் குடியிருந்தாராம். ஏப்ரல் பத்தாம் தேதி ஆனால் போதும், ஐந்து நாளுக்கு முட்டையும் ரொட்டியும் வாங்கி உள்ளே வைத்துக் கதவைச் சாத்திக்கொள்வாராம். முதல் நாள் ஜன்னலைத் திறந்து திட்டுவார். இரண்டாம் நாள் ஜன்னலைத் திறந்து பார்ப்பார். மூன்றாம் நாள் பிற்பகலில், குழந்தைகள் வைத்திருக்கும் தண்ணீர்த் துப்பாக்கி ஒன்றைத் தூக்கிக்கொண்டு படி இறங்கி வருவார். "ஒவ்வொரு வருஷமும் அதே மாதிரி தம்பி. முதலாளி குடும்பம் மட்டும் கடையைப் பூட்டிட்டு ஊரை விட்டே ஓடிடும். எங்கள மாதிரி வெளியூர்க்காரனுக்கு அந்தத் திருவிழாவை என்ன செய்யறதுன்னே தெரியாது. உள்ள இருந்தா தனியா இருக்கு. வெளிய போனா நனையுது."

இனி நம் சந்துக்கு வருகிறேன். எங்கள் சந்திலும் சித்திரையில்தான் அம்மன் திருவிழா. கடைசி நாள் மஞ்சள் தண்ணி. டிரம்மில் மஞ்சளைக் கரைத்து, வேப்பிலையைப் போட்டு வைத்திருப்பார்கள். அத்தை மகன், மாமன் மகள், மைத்துனன், கொழுந்தியாள் என்று முறை உள்ளவர்கள் ஒருவர் மேல் ஒருவர் ஊற்றுவார்கள். முறை இல்லாதவர் மேல் ஊற்றக்கூடாது. அண்ணன் முறை, சித்தி முறை என்றால் ஊற்றினவனுக்கு அடி விழும். அதனால் வாளியைத் தூக்கும்போதே உறவுக் கணக்குப் போட்டுவிட்டுத்தான் தூக்கவேண்டும்.

பாங்காக் டைலருக்கு அந்தச் சந்தில் யாரும் எந்த முறையும் இல்லை. அன்று அவர் கதவைச் சாத்திக்கொள்வார். நனையக்கூடாது என்றுதான் சாத்துகிறார் என்று எல்லோரும் சிரிப்போம். சாத்தாவிட்டாலும் அவர் மேல் ஊற்ற ஆள் கிடையாது என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

தொண்ணூற்றொன்று கடைசியில் காவிரித் தண்ணீருக்காக இந்த ஊரில் தமிழ்க்காரர்களுக்கு எதிராகக் கலவரம் நடந்தது. அதை உங்களுக்குச் சொல்லியிருக்கிறேன். அன்று நான் வேலை பார்த்த பொம்மசந்திராவில் இருந்து வீடு திரும்பக் கம்பெனி பஸ் வரவில்லை. நானும் கூட வேலை செய்த இரண்டு பேரும் ஓசூர் ரோட்டில் வாயைத் திறக்காமல் நடந்தோம். திறந்தால் தமிழ் வந்துவிடும் என்ற பயம். ஒருவன் கல் தடுக்கி "அம்மா" என்று கத்தப்போய்க் கையால் வாயைப் பொத்திக்கொண்டான். வழியில் எங்களை உள்ளே கூப்பிட்டு, உட்காரவைத்து, ஒரு செம்பில் குடிக்கத் தண்ணீர் கொடுத்தவர் ஒரு கன்னடக்கார அம்மா. அந்தச் செம்பை நான் மறந்துவிட்டேன். பயத்தை மட்டும் பத்திரமாக வைத்துக்கொண்டேன். நாலு மாதத்தில் அது கோபமாகிவிட்டது.

அடுத்த சித்திரையில், மஞ்சள் தண்ணி சந்துக்குள்ளேயே முடியவேண்டும், வெளி ஆள் மேல் ஒரு சொட்டுப் படக்கூடாது என்று பெரியவர்கள் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள்.

எங்கள் சந்துக்கு ஒரு நாள் விட்டு ஒரு நாள்தான் தண்ணீர் வரும். வாட்டர்மேன் சைக்கிளில் வந்து, ஆள் உயர இரும்புச் சாவியைச் சந்து முனைக் குழிக்குள் விட்டுத் திருப்புவார். கன்னடக்காரர், ஐம்பது வயது இருக்கும். எங்களோடு நன்றாகத் தமிழ் பேசுவார். மஞ்சள் தண்ணி விழுந்த அந்த ஞாயிற்றுக்கிழமை எங்களுக்குத் தண்ணீர் வரும் நாள் இல்லை. திருவிழாவாயிற்றே என்று என் அம்மாவும் நாலு பெண்களும் கேட்டுக்கொண்டதற்காகத்தான் வந்திருந்தார். வெள்ளைவெளேர் என்று புதுச்சட்டை போட்டிருந்தார்.

அவர் குனிந்து சாவியைத் திருப்பிக்கொண்டிருந்தார். நான் டிரம்மில் வாளியை முக்கினேன். எந்தக் கணக்கும் போடவில்லை. முதுகிலிருந்து தலை வரைக்கும் ஒரு முழு வாளி.

அவர் நிமிர்ந்தார். புருவத்தில் இருந்து மஞ்சள் சொட்டியது. கத்தவில்லை. என்னையே பார்த்தார்.

"இது ஹப்பானா, ஜகளானா?" என்றார். திருவிழாவா, சண்டையா என்று கேட்டார். அவர் எங்களிடம் கன்னடத்தில் பேசி அன்றுதான் கேட்டேன்.

நான் வாளியோடு நின்று அவரையே பார்த்தேன். அவர் சாவியை எதிர்ப்பக்கம் திருப்பினார். சாவியை உருவிச் சைக்கிளில் கட்டிக்கொண்டு போய்விட்டார்.

என் பின்னால் சிரித்துக்கொண்டிருந்த பையன்கள் சிரிப்பை நிறுத்தினார்கள். சந்தில் அத்தனை பேரும் தலையிலிருந்து கால் வரை மஞ்சள். எல்லாக் குழாயும் ஒரு தரம் 'உஸ்' என்று மூச்சு விட்டுவிட்டு அடங்கிவிட்டது. ஒருவன் தலை நிறையச் சோப்பு நுரையோடு கண்ணை மூடிக்கொண்டு, "தண்ணி எங்கடா? கண்ணு எரியுதுடா!" என்று கத்தினான். பொங்கல் பானை வைத்தவர்கள் பாதித் தண்ணீரோடு நின்றார்கள்.

மூன்றாம் வீட்டு அத்தை இடுப்பில் குடத்தை வைத்துக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார். "பெரிய வீரன்டா நீ. போ, போய் உன் காவிரியை நீயே தலையில தூக்கிட்டு வா. நாங்க குளிக்கணும்."

என் அம்மா முதலில் என் முதுகில் இரண்டு வைத்தார். அப்புறம்தான் அழுதுகொண்டே சொன்னார். "அவரு பொண்ணுக்கு இன்னிக்கு நிச்சயம்டா, பாவி. பன்னெண்டு மணிக்கு மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வராங்க. ஹப்பத்தன்னிக்கு நீங்க தண்ணியில்லாம எப்படிம்மா இருப்பீங்க, முதல்ல உங்களுக்குத் திறந்துவிட்டுட்டுப் போறேன்னு வந்தாருடா. அந்தச் சட்டை அதுக்குப் போட்டது."

மஞ்சள் கறை போகாது. அது சின்ன விஷயம். அந்த மனிதர் இனி எங்கள் சந்துக்கு வருவாரா, வந்தாலும் எந்தக் கண்ணால் எங்களைப் பார்ப்பார், நாலு மாதமாகப் பயந்து பயந்து குடியிருக்கும் இருபத்திரண்டு வீட்டையும் நான் என்ன செய்துவிட்டேன் என்பதுதான் எல்லோர் முகத்திலும் இருந்தது.

அப்போது கடைசி வீட்டுக் கதவு திறந்தது. மஞ்சள் தண்ணி அன்று அந்தக் கதவு திறந்து நாங்கள் பார்த்ததில்லை. பாங்காக் டைலர் அத்தனை மஞ்சளுக்கும் நடுவில் இஸ்திரி மடிப்புக் கலையாமல் நடந்து வந்தார். யாரும் வாளியைத் தூக்கவில்லை.

"எத்தனை மணிக்கு நிச்சயம்?"

"பன்னெண்டுக்கு" என்றார் அம்மா.

"இப்ப ஒம்பதே கால். போதும்." என் பக்கம் திரும்பினார். "கையைத் தொடைச்சிட்டு உள்ள வா."

பெட்டிக்கு அடியில் இருந்து ஒரு கவரை எடுத்தார். கவருக்குள் கவர், அதற்குள் வெள்ளைத் துணி. பாங்காக்கில் வாங்கியது, என்றைக்காவது திரும்பிப் போனால் போட்டுக்கொண்டு போவதற்கு வைத்திருந்தாராம். அதைச் சொல்லிக்கொண்டே கத்திரியை வைத்துவிட்டார்.

"அளவு அண்ணா?"

"ரெண்டு வருஷமா ஜன்னல்ல இருந்து பாத்துட்டுத்தான இருக்கேன். மார்பு முப்பத்தெட்டு. வலது தோள் அரை விரல் இறக்கம். அந்த இரும்பைத் தூக்கித் தூக்கி."

நான் காஜாவுக்கு அடையாளம் வைத்தேன், பட்டன் தைத்தேன், கிண்ணத்துத் தண்ணீரைத் துணி மேல் சுண்டினேன். அவர் மிஷினை மிதித்துக்கொண்டே கேட்டார்.

"விளையாட்டா ஊத்தினியா, கோவமா ஊத்தினியா?"

"விளையாட்டாத்தான் அண்ணா."

மிஷின் நின்றது. "நான் பாத்தேன் தம்பி. விளையாட்டா ஊத்தறவன் ஊத்திட்டு ஓடுவான். நீ நின்ன."

அவர் மிஷினை மறுபடி மிதித்துக்கொண்டே, மேலே பார்க்காமல் சொன்னார்.

"அங்கயும் ஒருத்தன் நின்னான். ஐஸ் தண்ணி, மூஞ்சிக்கு நேரா. ஊத்திட்டு நின்னு பாத்தான். என்ன செய்வேன்னு பாத்தான். அவன் ஊரு, நான் வெளியாளு, என்ன செய்ய முடியும்? அன்னைலேருந்துதான் இந்தக் கவரெல்லாம். திருவிழாங்கற பேருல மனுஷன் எதை வேணா செய்வான் தம்பி."

ஊசியில் நூலைக் கோத்தார்.

"அதே தெருவுல பழம் விக்கிற ஒரு கிழவி. நான் போன முதல் வருஷம். பாஷை தெரியாது. எட்டு மாசம் என்னை ஒரு ஆளு தொட்டதில்ல. நான்தான் எல்லாரையும் தொட்டு அளவு எடுப்பேன், என்னை யாரு தொடுவா? அந்தம்மா வந்து, இந்தக் கிண்ணத்துலதான், பூ போட்ட தண்ணி கொஞ்சம் என் தோள்ல மெதுவா ஊத்திச்சு. கன்னத்துல வெள்ளையா ஏதோ மாவு தடவிச்சு. முறை கேக்கல, ஊரு கேக்கல. கடைக்குள்ள போய், கோட்டுங்களுக்குப் பின்னால நின்னு அழுதேன். கிண்ணத்தை எனக்கே குடுத்திடுச்சு. இப்ப சொல்லு, அந்தத் திருவிழாவை நான் திட்டவா, கும்பிடவா?"

பதினொன்றே கால் இருக்கும், சட்டையை மடித்துக் கவரில் போட்டார். கிண்ணத்தைக் கழுவி இன்னொரு கவரில் போட்டார். ரயில் பாதையைத் தாண்டி அந்தப் பக்கம்தான் வாட்டர்மேன் வீடு. நடக்கும்போது சொன்னார்: "கால்ல விழுந்துடாத. விழுந்தா உன்னைத் தூக்கி நிறுத்தற வேலை அவருக்கு. அந்த ஊர்ல வயசானவங்க கிட்ட இந்த நாள்ல மன்னிப்பு கேக்கறதுன்னா, அவங்க கையில தண்ணி ஊத்துவாங்க. கையை நீட்டறதா வேணாமான்னு முடிவு அவரோடது. முதல்ல கேளு. கேக்காம ஊத்தாத."

வாசலில் கோலம் போட்டு மாவிலை கட்டியிருந்தார்கள். ஷாமியானா கீழே நாற்காலிகள். வாட்டர்மேன் பழைய கோடுபோட்ட சட்டை ஒன்றில் நின்றிருந்தார். குளித்திருந்தார், ஆனாலும் காதுக்குப் பின்னால் மஞ்சள் இருந்தது. என்னைப் பார்த்ததும் அவர் முகம் மாறியது. சொந்தக்காரர்கள் இரண்டு பேர் நாற்காலியை விட்டு எழுந்தார்கள். நான் யாரென்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் கதை அங்கேயே முடிந்திருக்கும். அவர் சொல்லவில்லை.

கிண்ணத்தில் தண்ணீர் வாங்கி, பந்தலில் உதிர்ந்திருந்த மல்லிகை நாலு எடுத்துப் போட்டேன். "உங்க கையில கொஞ்சம் தண்ணி ஊத்தட்டுமா? நான் கேக்கறேன். வேணாம்னா போயிடறேன்" என்றேன். பாதித் தமிழ், பாதிக் கன்னடம்.

அவருக்குப் புரியவில்லை. அவர் மனைவிக்கு இன்னும் புரியவில்லை. சாப்பாட்டுக்கு முன்னால் கை கழுவச் சொல்கிறோம் என்று நினைத்து, "இன்னும் அடுகேயே ஆகலியே" என்றார், சமையல் முடியவில்லை என்று. எழுந்து நின்ற இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு மூச்சு வந்தது.

பாங்காக் டைலர் தனக்குத் தெரிந்த கன்னடத்தில் மெதுவாகச் சொன்னார். வாட்டர்மேன் கேட்டுக்கொண்டே என்னைப் பார்த்தார். பிறகு இரண்டு கையையும் சேர்த்து நீட்டினார். சாவி பிடித்துப் பிடித்து உள்ளங்கை காய்ப்பு ஏறியிருந்தது. ஊற்றினேன்.

சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். தோள் கச்சிதம். இடது கை மட்டும் ஒரு விரல் நீளம். "அவசரம்" என்று டைலர் முணுமுணுத்து, தானே போய் அதை உள்ளே மடித்துவிட்டார்.

"சாயங்காலம் நீரு பிட்தீனி. ஹோகு" என்றார் வாட்டர்மேன் என்னிடம், சாயங்காலம் தண்ணீர் விடுகிறேன், போ என்று. மன்னித்தேன் என்று சொல்லவில்லை. ஆனால் சாயங்காலம் ஐந்து மணிக்குக் குழாய்கள் எல்லாம் இருமிக்கொண்டு தண்ணீரைக் கொட்டின. அதுவரை எங்கள் சந்து மஞ்சளாகவே உட்கார்ந்திருந்தது. மூன்றாம் வீட்டு அத்தை என்னைக் கடைசியாகத்தான் குழாயடிக்கு விட்டார்.

அதற்குப் பிறகு ஒரு வருடம் வாட்டர்மேன் மற்றவர்களிடம் பழையபடி தமிழ் பேசினார். என்னிடம் மட்டும் கன்னடம்தான். நானும் கன்னடத்திலேயே பதில் சொன்னேன். உங்கள் அப்பா இவ்வளவு நன்றாகக் கன்னடம் பேசுகிறாரே என்று உங்கள் டீச்சர் கேட்டாரே, அது அந்த வருடம் கற்றுக்கொண்டதுதான்.

அடுத்த சித்திரையில், மஞ்சள் தண்ணி அன்று, சந்து முனையில் அவருக்கு மோர் கொண்டுபோய்க் கொடுத்தேன். குடித்துவிட்டுச் செம்பைத் திருப்பிக் கொடுக்கும்போது, "என்ன தம்பி, இன்னிக்கு வாளி இல்லயா?" என்றார். தமிழில். "போ போ, உன் அத்தை பொண்ணுங்க மேல ஊத்து" என்று சிரித்தார்.

அப்போது பாங்காக் டைலர் வாசலில் நின்றுகொண்டிருந்தார். கதவைச் சாத்தவில்லை. வாட்டர்மேன் அவரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தார். "இவருக்கு யாரும் ஊத்தலயா?"

"அவருக்கு முறைக்காரங்க இல்லீங்க" என்றார் மூன்றாம் வீட்டு அத்தை.

"எனக்கும்தான் இங்க முறை இல்ல. போன வருஷம் ஒரு வாளி வந்துச்சே."

சந்தே சிரித்தது. வாட்டர்மேன் நேராக அவரிடம் போய், "ஊத்தட்டுமா?" என்று கேட்டார். டைலர் அந்தப் பூவேலைக் கிண்ணத்தை நீட்டினார். ஏற்கனவே கையில் வைத்திருந்தார், பிள்ளைகளா. இன்னொன்றும் பார்த்தேன். எப்போதும் கவர் துருத்திக்கொண்டிருக்கும் அந்தச் சட்டைப் பை தட்டையாக இருந்தது. பாஸ்போர்ட்டை உள்ளே வைத்துவிட்டுத்தான் வாசலுக்கு வந்திருக்கிறார்.

வாட்டர்மேன் தோளில் மெதுவாக ஊற்றினார். அதற்குப் பிறகு மூன்றாம் வீட்டு அத்தை, "அண்ணே, மன்னிச்சுக்கோங்க" என்று சொல்லிக்கொண்டே ஒரு குடத்தைத் தலையில் கவிழ்த்துவிட்டார். அண்ணன் என்று கூப்பிட்டுவிட்டு மஞ்சள் தண்ணி ஊற்றியது எங்கள் சந்தில் அதுவே முதல் தடவை. "காட்டுமிராண்டிங்க, காட்டுமிராண்டிங்க" என்று அவர் திட்டிக்கொண்டே இருந்தார். ஆனால் நகரவில்லை.

பெரியவன் பிறந்த அடுத்த வருடம் அவர் பாங்காக்குக்கே திரும்பிப் போனார். பழைய முதலாளியின் மகன் புதுக்கடை திறந்து, கட்டிங் மாஸ்டராக வரச் சொல்லியிருந்தான். புதுப் பாஸ்போர்ட், புதுக் கவர். "ஏப்ரல்ல மட்டும் அங்க போய் இறங்கக்கூடாது தம்பி, நாசம் பண்ணிடுவானுங்க" என்று ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார். டிக்கெட்டைப் பார்த்தேன். ஏப்ரல் பதினொன்று.

ஆட்டோ ஏறும்போது கிண்ணத்தை என் கையில் வைத்தார். "அங்க தெருவுக்குத் தெரு கிடைக்கும். நீ வெச்சுக்கோ." கூடவே ரப்பர் பேண்டு போட்ட ஒரு கட்டுப் பிளாஸ்டிக் கவர். போவதற்கு முன் அவர் மேல் ஒரு கிண்ணம் ஊற்றவேண்டும் என்று ஆசைதான். இஸ்திரி மடிப்போடு, சுத்தமாக உட்கார்ந்திருந்தார். கேட்க வாய் வரவில்லை. ஆட்டோ போய்விட்டது.

மூன்று நாள் கழித்துச் சித்திரை பிறந்தது. காலை ஷிப்டு. பெரியவனைத் தூக்கிக்கொண்டு உங்கள் அம்மா ஊருக்குப் போயிருந்தாள். குழாயடியில் வேறு யாரும் இல்லை. இந்நேரம் அங்கே யாராவது அவர் மேல் டிரம்மைக் கவிழ்த்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கம்பெனிக் கார்டையும் கைக்கடிகாரத்தையும் அவர் கொடுத்த கவரில் போட்டேன். வாயை மடித்து, ரப்பர் பேண்டு போட்டுச் சுவர் மேல் வைத்தேன். பிறகு கிண்ணத்தில் தண்ணீர் பிடித்து, யூனிபார்ம் சட்டையோடு, என் இடது தோளில் மெதுவாக ஊற்றிக்கொண்டேன்.